இயல்பிருப்புப் பதிப்பு

இயல்பிருப்புப் பதிப்பு என்பது, ஒரே மென்பொருளின் பல பதிப்புகள் ஓர் இயங்குதளத்தின் பொதித் தொகுப்பில் உள்ளபோது, பயனர் பதிப்பு எண்ணைக் குறிப்பிடாவிடில் நிறுவப்படும் அல்லது இயக்கப்படும் பதிப்பு ஆகும். நிரலாக்க மொழிகள், தொகுப்பிகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றில் இத்தேர்வு முக்கியத்துவம் பெறுகின்றது. ஏனெனில் வேறு பல பொதிகள் இவற்றைச் சார்ந்தே இயங்குகின்றன.

செயற்படும் முறை

டெபியன் லினக்சு வழங்கலில் ஜிசிசி என்னும் பொதியில் உண்மையில் தொகுப்பி இல்லை. எண்ணுடன் கூடிய மற்றொரு பொதியைச் சுட்டுவதே அதன் பணி. 2023இல் வெளியான டெபியன் 12இல் அது ஜிசிசி 12ஐயும், 2025இல் வெளியான டெபியன் 13இல் ஜிசிசி 14ஐயும் சுட்டுகின்றது.

சுட்டலை மாற்றுவது எளிது. அதற்கு முந்தைய பணியே கடினமானது. பைத்தான் மொழிக்காக சி மொழியில் எழுதப்படும் நீட்சிகளில் பெரும்பாலானவை குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கெனத் தொகுக்கப்படுகின்றன. 3.11க்காகத் தொகுத்தது 3.13இல் இயங்காது. ஆகவே புதிய பதிப்பு முதலில் பழையதுடன் சேர்ந்தே தொகுப்பில் இடம்பெறும். நீட்சிகள் இரண்டிற்குமாகத் தொகுக்கப்பட்டு, தோல்வியுற்றவை திருத்தப்பட்ட அல்லது விலக்கப்பட்ட பின்னரே இயல்பிருப்பு மாற்றப்படும். பழைய பதிப்பு இறுதியில் நீக்கப்படும்.

பைத்தான் பெயர்ச் சிக்கல்

2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3, முந்தைய பைத்தான் 2 நிரல்களுடன் ஒத்தியங்கவில்லை. பழைய நிரல்கள் பலவும் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். அவற்றை விட, நிற்காமல் ஓடுபவையே ஆபத்தானவை: 7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 2 தரும் விடை 3, பைத்தான் 3 தருவது 3.5. எனவே, எண் குறிப்பிடாத "பைத்தான்" என்னும் கட்டளை எதனைச் சுட்ட வேண்டும் என்பது வெறும் பெயரிடல் வினாவாக இருக்கவில்லை.

ஆர்ச் லினக்சு 2010 அக்டோபரிலேயே அக்கட்டளையைப் பைத்தான் 3க்கு மாற்றியது. 2011இல் உருவான பெப் 394 என்னும் பரிந்துரை, அப்போதைக்கு அது பைத்தான் 2ஐச் சுட்டுவதே நன்று என்றது. நிரல்கள் எண்ணை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்றும் கூறியது. பைத்தான் 2க்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்து, 2020 சனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. 2019 அக்டோபரில் வெளியான ஃபெடோரா 31 பைத்தான் 3க்கு மாறியது.

2021இல் வெளியான டெபியன் 11 வேறு வழியைத் தேர்ந்தது. அதில் எண்ணற்ற பெயர் எதையும் சுட்டுவதில்லை. அவ்வாறு ஒரு கட்டளை இல்லை என்ற பதிலே கிடைக்கும். வேண்டுவோர் அதற்கெனவுள்ள தனிப் பொதியை நிறுவிக்கொள்ளலாம். புதிதாகப் பயில்வோர்க்கு இது எரிச்சலூட்டும். எனினும் பழைய கணக்கு நிரலொன்று ஓசையின்றித் தவறான விடை தருவதினும் இது மேலானது.

இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள்

ரெட் ஹாட் என்டர்பிரைசு லினக்சு 7இல் யம் என்னும் பொதி மேலாளரே பைத்தான் 2இல் எழுதப்பட்டிருந்தது. நிர்வாகி "பைத்தான்" கட்டளையைப் பைத்தான் 3க்குத் திருப்பினால் யம் இயங்காது. எனவே அதைக் கொண்டு வேறு மென்பொருளை நிறுவவும் இயலாது. 2019இல் வெளியான 8ஆம் பதிப்பில், இயங்குதளக் கருவிகளுக்கென மட்டும் தனியொரு பைத்தான் வைக்கப்பட்டது. பயனர் எந்த இயல்பிருப்பைத் தேர்ந்தாலும் அது மாறுவதில்லை.