மீஸான் இல்லாத ஒரு கப்ர்: டோனாவூர் அம்மாவின் கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

அண்மையில் வகுப்பில் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரையச் சொன்னோம். ஒரு பிள்ளை 'உம்மா' என்ற கட்டத்துக்குள் உம்மும்மாவின் பெயரை எழுதியிருந்தது. "பிழையா எழுதிட்டீங்க மகள்" என்றோம். "இல்ல டீச்சர், உம்மா குவைத்துல. சாப்பாடு தாரது, தலை வாருறது எல்லாம் உம்மும்மாதான்" என்றது பிள்ளை. அழித்து எழுதச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தக் கட்டத்தில் யாருடைய பெயர் வர வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகும் இதே யோசனைதான். அப்போதுதான் எமி கார்மைக்கேல் என்ற பெண்ணின் ஞாபகம் வந்தது. ஹெந்தளையில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இவரை 'அம்மா' என்று கூப்பிட்டார்கள்.

எமி 1867 டிசம்பர் 16ஆம் திகதி வட அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்கு மாவு ஆலை இருந்தது. 1885இல் தகப்பன் இறந்தார், அப்போது எமிக்கு வயது 17. பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காகத் தகரத்தால் ஒரு மண்டபம் கட்டி நடத்தினார். தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையால் தலையை மூடி வந்ததால், மரியாதைப்பட்டவர்கள் அந்தப் பெண்களைத் தேவாலயத்திலும் ஒதுக்கிப் பார்த்த காலம் அது.

1893இல் கிறிஸ்தவ ஊழியராக ஜப்பானுக்குப் போனார். நரம்பு வலியால் உடம்பு அங்கே தாங்கவில்லை. 1894இல் நம் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் இருந்தார். பிறகு ஊர் திரும்பி, 1895இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு 55 வருடங்கள் ஒரு தடவைகூட அயர்லாந்துக்குத் திரும்பிப் போகவில்லை. தமிழ் படித்தார், சேலை உடுத்தினார், திருநெல்வேலி மண்ணிலேயே வாழ்ந்து முடித்தார்.

அவருடைய வாழ்க்கையை மாற்றிய நாள் 1901 மார்ச் 7. பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா. கோயிலுக்கு நேர்ந்துவிடுவதற்காக ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள், அங்கிருந்து தப்பி வந்தவள். அதற்கு முன்பும் ஒரு தடவை தப்பிப் பிடிபட்டு, கைகளில் சூடு வாங்கியவள். அன்றிலிருந்து எமிக்கு வேலை தெளிவானது. டோனாவூரில் பிள்ளைகளுக்கு ஒரு வீடு எழும்பியது. 1904இல் கைக்குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். தாய்ப்பாலும் சரியான மருந்தும் இல்லாத நாட்களில் சில குழந்தைகள் இறந்தும் போனார்கள். இருந்தும் 1913 அளவில் அங்கே 130 பெண் பிள்ளைகள் இருந்தார்கள். 1918இல் ஆண் பிள்ளைகளுக்கும் வீடு தொடங்கியது. பிற்காலத்தில் வைத்தியசாலையும் வந்தது.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். தேவதாசி மரபு முழுவதும் இருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. இன்று உலகம் ரசிக்கும் பரதநாட்டியத்தையும் இசையையும் காப்பாற்றித் தந்ததில் அந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஏழைக் குடும்பங்களின் சிறுமிகள் அந்தப் பெயரில் விற்கப்பட்டதும் உண்மை. அதை முடிவுக்குக் கொண்டுவந்ததும் தமிழ்ப் பெண்களே. அந்தச் சமூகத்திலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்ட மேலவையில் நுழைந்து அங்கே போராடினார். 1947இல் சட்டம் வந்தது. எமி சட்டம் செய்யவில்லை. சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்க முடியாத பிள்ளைகளை மடியில் வாங்கினார்.

எமியின் எல்லாச் செயல்களையும் நாங்கள் ஏற்கிறோமா? இல்லை. தம் மதம் தவிர்ந்த மதங்களை அவர் இருளாகவே பார்த்தார். பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாகவே வளர்த்தார். புதுப் பெயர்களும் வைத்தார். நம் மார்க்கம் அநாதைகளைப் பொறுப்பேற்பதைப் பெரிய நன்மையாகச் சொல்கிறது. நம் நபி (ஸல்) அவர்களே அநாதையாக வளர்ந்தவர்கள். ஆனால் வளர்க்கும் பிள்ளையின் வம்சப் பெயரை மாற்றாதே என்றும் அதே மார்க்கம் சொல்கிறது. வளர்ப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிள்ளை தான் யாருடைய பிள்ளை என்பதை இழக்கக் கூடாது.

இந்தச் சிக்கல் எமியின் வாழ்க்கையிலும் வந்தது. முத்தம்மாள் என்ற சிறுமியைத் திருப்பித் தரும்படி அவளுடைய தாய் வழக்குப் போட்டார். 1911இல் எமி வழக்கில் தோற்றார். பிள்ளையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்பே முத்தம்மாள் காணாமல் போனாள். டோனாவூருக்கு வந்திருந்த ஓர் ஆங்கிலேயப் பெண், சிறுமிக்கு முஸ்லிம் பையனைப் போல உடுப்புப் போட்டு இரவோடு இரவாக வெளியே அனுப்பிவிட்டார். அவள் கொழும்பு வழியாகச் சீனா வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். பல வருடங்களுக்குப் பிறகுதான் டோனாவூருக்குத் திரும்பினாள்.

நம் பையன்களின் உடுப்பு ஒரு பிள்ளைக்கு மறைவிடமானதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, மனம் கனத்தும் போனது. நீதிமன்றத் தீர்ப்பை மீறியது சரியா? ஒரு தாயின் உரிமை என்ன ஆவது? திருப்பி அனுப்பியிருந்தால் அந்தச் சிறுமி என்ன ஆகியிருப்பாள்? ஆசிரியர்களாக எங்களுக்கு இதற்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. நல்ல மனிதர்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட பக்கங்களும் உண்டு, அவற்றைக் கிழித்துவிட்டு வாசிக்கக் கூடாது.

1919இல் பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. அதை வாங்க அவருக்கு விருப்பமே இல்லை. சென்னையில் நடந்த விழாவுக்கும் போகவில்லை. 1931 செப்டம்பர் 24ஆம் திகதி, களக்காட்டில் மருந்தகம் ஒன்றுக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கல் வெளிச்சத்தில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் உடைந்தது. அதற்குப் பிறகு அவர் சரியாக நடமாடவே இல்லை. கிட்டத்தட்ட 20 வருடங்கள் ஓர் அறைக்குள்தான் வாழ்க்கை. கட்டிலில் இருந்துகொண்டே புத்தகங்களும் கடிதங்களும் எழுதினார். பிள்ளைகள் அந்த அறைக்கு வந்து போனார்கள்.

1951 ஜனவரி 18ஆம் திகதி, 83 வயதில், டோனாவூரிலேயே இறந்தார். தன் கல்லறை மேல் கல் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்கள். கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் வந்து குளித்துத் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்: அம்மா.

நம் மையவாடிகளிலும் மீஸான் இல்லாத கப்ர்கள் எத்தனையோ உண்டு. பெயர் இல்லாவிட்டாலும், யார் யாரை வளர்த்தார்கள் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் நாம் அடக்கிவிட்டு வருகிறோம்.

எமி பெற்ற பிள்ளை ஒன்றுகூட இல்லை. எங்கள் வகுப்புப் பிள்ளையின் உம்மா அப்படியல்ல. பெற்ற பிள்ளைக்காகத்தான் அவர் குவைத்தில் அடுத்தவர் வீட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இவரைப் பிள்ளையை விட்டுப் போனவர் என்று பேசுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து பேசாதீர்கள். பிள்ளைகள் காதில் விழுகிறது. உழைப்பவரும் தாய்தான், தலை வாருகிறவரும் தாய்தான். அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் படத்தில் இன்னொரு கட்டம் போடச் சொன்னோம். இப்போது இரண்டு பெயர்களும் வகுப்புச் சுவரில் தொங்குகின்றன.

எங்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். உங்கள் ஒழுங்கையில் தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். உம்மும்மாமார் வயதானவர்கள், வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடிவதில்லை. மஃரிபுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளையை உங்கள் பிள்ளையோடு உட்கார வையுங்கள். இதற்குத் தொலைதூரத்தில் இருந்து யாரும் கப்பல் ஏறி வரத் தேவையில்லை. முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதை நாங்கள் தனியாகச் சொல்கிறோம். பிள்ளைகளின் பெயரை மட்டும் யாரும் இங்கே போட வேண்டாம்.

தூரத்தில் உழைக்கும் எல்லா உம்மாமாருக்கும் துஆச் செய்யுங்கள்.