தொலைவு–கால வரைபடம்

நகரும் பொருள் எந்த நேரத்தில் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் கோடாகக் காட்டும் படம். கிடை அச்சில் காலமும் செங்குத்து அச்சில் தொலைவும் குறிக்கப்படும். கோட்டின் சாய்வே வேகம். பொருள் நின்றுவிட்டால் கோடு படுத்துவிடும். தொலைவுக்குப் பதில் வேகத்தைக் குறித்தால் அது வேகம்–கால வரைபடம். அதில் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, கடந்த தொலைவைத் தரும்.

14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரெம், சீராகக் கூடும் வேகத்தை முக்கோணமாக வரைந்தார். இன்றைய பொருளில் அதை வரைபடம் எனலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கலிலியோவின் 1638-ஆம் ஆண்டு நூலிலும் இவ்வகைப் படம் காணப்படுகிறது.

தொலைவு–கால வரைபடம் அன்றாடக் கருவியானது ரயில்வேயில்தான். பாரிஸ்–லியோன் தடத்தின் கால அட்டவணை முழுவதையும் ஒரே தாளில் சாய்கோடுகளாகக் காட்டும் படத்தை பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ஜூல் மாரே தம் நூல்வழிப் பரப்பினார். அதன் பெருமையை அவர் இப்ரி என்ற பொறியாளருக்குத் தருகிறார். இப்ரிக்கு முன்பே இம்முறை இருந்தது என்போரும் உளர். செங்குத்தான கோடு விரைவு வண்டி. நிலையந்தோறும் படிபோல் மடங்குவது பாசஞ்சர். எதிரெதிர்க் கோடுகள் வெட்டும் புள்ளியில் இரு வண்டிகள் சந்திக்கின்றன. ஒற்றைத் தடத்தில் அப்புள்ளி கிளைத்தடம் உள்ள நிலையத்தில் விழ வேண்டும். நடுவழியில் விழுந்தால் அட்டவணையே பிழை. இந்திய ரயில்வேயில், ஒரு பகுதியின் வண்டி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் செக்ஷன் கன்ட்ரோலர், ஸ்டேஷன் மாஸ்டர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, இக்கோடுகளைப் பென்சிலால் இழுத்து வந்தார். 'கிராசிங்குக்காக நிற்கிறது' என்று பயணிகள் சலித்துக்கொள்ளும் நேரம், அந்தத் தாளில் ஒரு சிறு கிடைக்கோடு. இப்போது கணினி வரைகிறது.

அமெரிக்க ரயில்வேயினர் இப்படத்தை ஸ்ட்ரிங்லைன் என்பர். பலகையில் நூல் கட்டிப் பார்த்ததால் வந்த பெயர் என்று சொல்லப்படுகிறது. டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரம், வண்டி நிற்பதைக் காட்டும் கிடைக்கோடு ஒன்றிலிருந்து பிறந்தது எனலாம். நீராவி எஞ்சின்கள் அவ்வப்போது நின்று நீர் நிரப்பியாக வேண்டும். பிரெஸ்டன் மேட்டிலிருந்த லெபனான் என்ற ஊர் அத்தகைய நிறுத்தத்துக்கு மிக உயரத்தில் இருந்தது. எனவே மேற்கே தாழ்நிலத்தில் தடமும் நீர்நிறுத்தமும் அமைந்தன. 1902-இல் அங்கே ஊர் எழுந்தது. முதலில் எமர்சன் என்றழைக்கப்பட்ட அவ்வூர், செயின்ட் லூயிஸ்–சான் பிரான்சிஸ்கோ ரயில்வேயின் செல்லப்பெயரான 'ஃபிரிஸ்கோ'வை 1904-இல் ஏற்றது. 1980-இல் அந்த நிறுவனம் பர்லிங்டன் நார்தர்னுடன் இணைந்து மறைந்தது. பெயர் ஊரிடம் தங்கிவிட்டது.

வகுப்பறையிலோ, ஏறி இறங்கும் கோட்டை மலைப்பாதையின் படமாக மாணவர் வாசிப்பது இவ்வரைபடத்தின் பழைய சிக்கல். இவ்வகைப் புரிதல்களை அளக்கும் தேர்வொன்றை அமெரிக்க இயற்பியல் கல்வி ஆய்வாளர் ராபர்ட் பைக்னர் 1994-இல் வெளியிட்டார். தமிழ்நாட்டிலும் டெக்சாஸிலும் 7-ஆம் வகுப்பு அறிவியலில் இவ்வரைபடம் பாடமாக உள்ளது.