குந்தாணி: நெடுஞ்சாலையோரம் மறைந்த தலைநகர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி விரைவோர்க்குக் குருபரப்பள்ளி ஒரு பெயர்ப்பலகை. தேநீருக்காக வண்டியை நிறுத்துவோர்க்கு ஒரு சந்திப்பு. சுற்றுலா வருவோரும் கிருஷ்ணகிரிக் கோட்டை, 1957இல் திறக்கப்பெற்ற அணை, இராசாசி பிறந்த தொரப்பள்ளி என்ற வரிசையோடு நிறைவு கொண்டு திரும்பிவிடுகின்றனர். குருபரப்பள்ளிக்கு அருகே உள்ள சின்னகொத்தூர் அவ்வரிசையில் இல்லை. போசள மன்னன் வீரராமநாதன் அரசு வீற்றிருந்த குந்தாணி அதுவே.

போசளன் சோமேசுவரன் 1254ஆம் ஆண்டளவில் தன் நாட்டை மைந்தர் இருவர்க்கும் பகிர்ந்தளித்தான். துவாரசமுத்திரம் நரசிம்மனுக்கு வாய்த்தது. கண்ணனூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நிலம் இராமநாதனுக்கு. இன்றைய சமயபுரத்தை அடுத்துள்ள போசளேசுவரர் கோயில் அக்கண்ணனூரின் எச்சம். 1279ஆம் ஆண்டளவில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரனிடம் சோழன் மூன்றாம் இராசேந்திரனும் இராமநாதனும் தோற்றனர். சோழ அரசு அத்துடன் முடிந்தது. இராமநாதனோ காவிரிக்கரையை இழந்து, மலைகள் சூழ்ந்த குந்தாணிக்கு வந்தான். வந்தவன் ஓய்ந்திருக்கவில்லை, எஞ்சிய நிலத்துக்காக உடன்பிறந்தானோடே பொருதான். 1295இல் அவன் மறைய, மகன் விசுவநாதனின் ஆட்சியும் நெடுநாள் நீடிக்கவில்லை. நரசிம்மன் மகன் மூன்றாம் வல்லாளன் பிளவுண்ட நாட்டை ஒன்றாக்கினான். குந்தாணிக்குத் தலைநகர் என்ற தகுதி போயிற்று.

இராமநாதனின் தமிழ்க் கல்வெட்டுகள் கோலார், பெங்களூர்ப் பகுதிகளிலும் கிடைக்கின்றன. கன்னட மரபில் தோன்றித் தமிழில் ஆணை பொறித்த அவனை 1956இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை இருபுறத்தார்க்கும் அயலானாக்கிவிட்டது போலும். அங்கே போசளர் பெருமை பேலூர், அளேபீடு என நின்றுவிடுகிறது; இங்கே வரலாற்றுப் பாடம் சோழரிலிருந்து பாண்டியருக்குத் தாவிவிடுகிறது. தோற்று வந்தவனைப் பாடப்புத்தகம் பின்தொடர்வதில்லை. அமெரிக்கச் சிற்றூர்களில் நூறாண்டு கண்ட வீட்டின் முன்னும் சாலையோர விவரப்பலகை நடுகிறார்கள். எழுநூறு ஆண்டு கடந்த தலைநகருக்கு ஒரு பலகை மிகையன்று.

எனினும் மண் முற்றும் மறந்துவிடவில்லை. சின்னகொத்தூரில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டும் புலியொடு பொருதும் மாண்டவர்க்குக் கல்நடும் வழக்கம் இம்மாவட்டமெங்கும் இருந்தது. கீழே போர், நடுவே வீரனை ஏந்திச் செல்லும் வானமகளிர், மேலே இலிங்கத்தின் முன் அவன் அமர்வு என மூன்று நிலைகளில் செதுக்கிய கற்களும் உண்டு. சில கற்களைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். பலவற்றை ஊர்மக்கள் வேடியப்பன் என்றே அழைத்துப் பொங்கலிடுகின்றனர். எந்த மன்னன் காலத்துக் கல் என்று அவர்கள் கேட்பதில்லை. ஆண்டுக்கொருமுறை எண்ணெய் பூசி, மாலை சாத்தத் தவறுவதுமில்லை.