கூவாகமும் விழுப்புரத்து மண்டபங்களும்: திருநங்கையர் அமைப்புகள் கைகோத்த வரலாறு

கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொள்ளும் இரவையும், மறுநாள் தாலியறுத்து அழும் அழுகளத்தையுமே சுற்றி வருகின்றன. கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானின் களப்பலியை விரிவாக ஆராய்ந்த அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டலுக்கும் சடங்கே மையம். அமைப்புகளின் வரலாற்றைத் தேடுபவர் கோயிலிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளி வரவேண்டும், விழுப்புரம் நகரின் விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும்.

கூழ் ஊற்றும் சடங்கான சாகை வார்த்தலில் தொடங்கும் 18 நாள் விழாவில் பெரும்பகுதி சுற்றுவட்டாரக் கிராமத்தாருடையது. நேர்ந்துகொண்ட ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. திருநங்கையர் திரள்வது கடைசிச் சில நாட்களில். அத்தனை பேர் தங்கக் கூவாகத்தில் இடம் ஏது? விழுப்புரமோ சென்னை, விருத்தாசலம், மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து பக்கத்துத் தண்டவாளங்களும் கூடும் சந்திப்பு. சென்னையிலிருந்து பேருந்தில் வருவோரையும் திண்டிவனம் வழியாக வரும் நெடுஞ்சாலை இங்கேதான் கொண்டுவந்து சேர்க்கிறது. விழா நெருங்கினால் விடுதிகள் நிரம்புவதும் வாடகை எகிறுவதும் உள்ளூர் நாளிதழ்களுக்கு ஆண்டுதோறும் செய்தி. அந்த வாடகையைக் கொடுத்தாவது இரண்டு மூன்று நாள் ஒரே ஊரில் தங்குவதுதான் இங்கு முக்கியம்.

வந்தவர்கள் உதிரிகளாக வரவில்லை. ஜமாத் என்ற கட்டமைப்பு முன்பே இருந்தது. குருவுக்குச் சேலாக்கள் எனப்படும் சீடர்கள், அவர்களுக்குக் கீழே அவர்களின் சேலாக்கள் என்று தாய், மகள், பேத்தி உறவாக அது இறங்கும். வீட்டைவிட்டு வெளியேறியவருக்குச் சோறும் பாதுகாப்பும் தந்தது அதுதான். ஆனால் அதன் உறவு மேலிருந்து கீழாக ஓடுவது. வேறு வேறு ஊர்களின், வேறு வேறு குருமாரின் பிள்ளைகள் சமமாக உட்கார்ந்து பொதுக் கோரிக்கை பேச அது போதவில்லை.

அந்த இடத்தைத் திறந்தது எதிர்பாராத ஒன்று. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. 1990களில் தடுப்புப் பணி விரிந்தபோது, சிதறிக் கிடந்த ஒரு சமூகத்தை ஒரே இடத்தில் சந்திக்கக் கூவாகம் வாய்ப்பாயிற்று. ஆணுறை விநியோகம், விழிப்புணர்வுப் பிரச்சாரம் என்று வந்த பணி மண்டபத்துக்குள்ளும் நுழைந்தது. விழுப்புரத்தில் நடக்கும் ‘மிஸ் கூவாகம்’ அழகிப் போட்டி இந்தச் சூழலில்தான் பெயர்பெற்றது. ஒப்பனையோடு மேடையேறிய போட்டியாளரிடம் எச்.ஐ.வி. பற்றியும் பொது அறிவு பற்றியும் கேள்வி கேட்டார்கள். போட்டி கூட்டம் சேர்த்தது. சேர்ந்த கூட்டத்திடம் அமைப்புகள் பேசின. நோய்த்தடுப்புக் கண்ணாடி வழியாகவே ஒரு சமூகத்தைப் பார்த்த குறை இதில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஒலிபெருக்கி, மேடை, அதிகாரிகளின் வருகை எல்லாம் இந்த வழியாகத்தான் கிடைத்தன.

பிறகு மேடை திருநங்கையரின் கைக்கு மாறியது. தென்னிந்தியத் திருநங்கைகள் கூட்டமைப்பு போட்டியை முன்னின்று நடத்தியது. கேள்வியும் சுகாதாரத்திலிருந்து அடையாள அட்டை, வீடு, வேலைக்கு நகர்ந்தது. 2008 ஏப்ரல் 15இல் தமிழக அரசு நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதே தேதியில், 2014இல். இவற்றைக் கூவாகத்தின் விளைவு என்பது மிகை. நீதிமன்றங்களிலும் தெருவிலும் நடந்த போராட்டங்கள் தனி. ஆனால் வாரியம் வந்தபின் அதன் சலுகைகளைச் சிற்றூரிலிருந்து வந்தவருக்கு விளக்கிச் சொல்ல ஆண்டுக்கொரு முறை தானாகக் கூடும் இத்தகைய திரள் வேறெங்கும் இல்லை.

கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளில் விழா நடக்கவில்லை. கைபேசியில் பேச்சு நிற்கவில்லை. ஆனால் முன்பின் அறியாத இருவர் ஒரே விடுதி வராந்தாவில் அறிமுகமாவது நின்றது. புதியவர்களுக்கு அந்த இழப்பு பெரிது.

இதற்கிடையே 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கூவாகமும் அதனுடன் போனது. கோயில் இப்போது வேறொரு ஆட்சியரின் எல்லையில். ஆனாலும் 2022இல் விழா மீண்டும் தொடங்கியபோது ‘மிஸ் கூவாகம்’ மேடை விழுப்புரத்தில்தான் போடப்பட்டது.