வறுமை பிரித்த பிள்ளைகள்: நீதிமன்றம் கடந்து வந்த தூரம்



'ஆதரவற்றோர் இல்லம்' என்ற பலகையை நாம் எல்லா ஊர்களிலும் பார்த்திருக்கிறோம். உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு யாருமில்லை என்றே நம்பவும் பழகிவிட்டோம். கொரோனா காலத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. நாடெங்கும் இல்லங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் தங்கள் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் போக ஒரு வீடு இருந்திருக்கிறது. அப்படியென்றால் அவர்களைப் பிரித்தது எது?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பட்டியலில் சேர்த்த சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. இன்ன சமூகத்தில் பிறந்ததே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது. குற்றம் செய்த சிறுவரைப் பெரியவர்களின் சிறையிலிருந்து விலக்க முயன்றது அதன் நன்மை. ஆனால் வீடில்லாத, பிழைப்பில்லாத பிள்ளையையும் அதே சட்டம் நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது.

அறுபத்தாறு ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகள் சிறையில் இருந்தார்கள். பத்திரிகையாளர் ஷீலா பர்சே தொடுத்த வழக்கில், குழந்தைகளைச் சிறையில் வைக்கக் கூடாது, நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டே சிறார் நீதிச் சட்டம் வந்தது. அதுவும் பிச்சையெடுக்கும் பிள்ளையை, வீடற்ற பிள்ளையைப் 'புறக்கணிக்கப்பட்ட சிறார்' என்றது. புறக்கணித்தது யார்? கூலி தராத ஊரா, நிலம் தராத அரசா, பெற்ற தாயா? சட்டம் அதைக் கேட்கவில்லை.

அடுத்த திருப்பம் நம் மண்ணிலிருந்தே வந்தது. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007இல் வந்த செய்தி உச்ச நீதிமன்ற வழக்கானது. 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யார் என்பதை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும், இல்லத்தை மட்டுமே தீர்வாகக் கருதாமல் மாற்று வழிகளைத் தேட வேண்டும் என்றது. பாதுகாக்கும் இடமே ஆபத்தாகலாம் என்பதை நீதிமன்றம் கண்ணால் கண்ட வழக்கு இது.

2020 டிசம்பர் உத்தரவு இன்னும் ஓரடி முன்னே போனது. வீடு திரும்பிய குழந்தைகளின் படிப்புக்காக, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்து, மாதம் 2,000 ரூபாய் தர மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பிள்ளையை எடுத்துப்போவதற்குப் பதில் பிள்ளை இருக்கும் வீட்டைத் தாங்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அந்த எண்கள் சாதியைச் சொல்வதில்லை. ஆனால் சேரியிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் இல்லங்களுக்குப் போன பிள்ளைகளை நாம் அறிவோம். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லம் என்பது கடைசி வழி. குடும்பத்துக்கு நிதி ஆதரவு தரும் பிரிவும் அதில் இருக்கிறது. நம் தெருவிலிருந்து ஒரு பிள்ளை இல்லத்துக்கு அனுப்பப்படும்போது, அந்த ஆதரவு அந்தத் தாய்க்கு முதலில் தரப்பட்டதா என்று கேட்போம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவரோடு நாமும் போவோம்.