தடியும் தண்டலும்

கடனைக் கேட்க வழக்குமன்றம் இருக்க, ஆலை வாயிலில் ஆள் நிற்பானேன்? சம்பள நாளன்று தடியுடன் காத்துநின்ற காபூலிக்காரரைக் கண்ட விட்லி ஆணையம், கடனுக்காக ஆலையை வளைத்து நிற்பதைக் குற்றமாக்கச் சொன்னது 1931இல். வங்காளம் 1934இல் அதற்குச் சட்டமே செய்தது.

நம் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பெருந்தொழில்கள் எழுந்தது 1960களில். சம்பளம் என்று வருமென்பது தொழிலாளிக்கு முன்பே தண்டல்காரனுக்குத் தெரியும்! கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் அனைத்தையும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுத்தது. ஆங்கில வாசகத்திலும் இச்சொற்கள் அப்படியே ஏறின. தமிழுக்குக் கிடைத்த பெருமையைப் பாரீர்! மூன்றாண்டுவரை சிறை என்றது சட்டம். இருந்தும் 2017 அக்டோபரில், மனுமேல் மனு கொடுத்தும் பயன் காணாத குடும்பமொன்று, இரு குழந்தைகளோடு, நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்கு இரையாயிற்று.

2020 வாக்கில் தடி கைப்பேசிக்குள் புகுந்தது. கடன் செயலிகள் தொடர்பு எண்களைக் கவர்ந்து, உற்றார்க்கெல்லாம் இழிசெய்தி அனுப்பின. அவன் அடகு பிடிப்பது நகையையல்ல, நம் வெட்கத்தை. அவ்வெண்களைத் தொடலாகாதென ரிசர்வ் வங்கி சொன்னது 2022இல்.

கடன்பட்டது குற்றமா? 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலையும் அரசு வரையறுத்த வட்டியையும் நாமே நீதிமன்றத்தில் கட்டலாம்; வலிந்து பறித்த உடைமையை மீட்டுத்தரவும் கேட்கலாம். பூவிருந்தவல்லியிலேயே நீதிமன்றம் இருக்கிறது.