கால்குலேட்டர்னு பேர் வச்சுக்கிட்டு வந்த கம்ப்யூட்டர்

தென்காசியில இருந்து குற்றாலம் போற வழியில மேலகரம் இருக்கு. குற்றாலக் குறவஞ்சி பாடின திரிகூட ராசப்பக் கவிராயரோட ஊர். இன்னிக்கு இந்தப் பக்கம் சாப்ட்வேர் வேலைன்னா யாரும் ஆச்சரியப்படுறது இல்லை. பக்கத்துல மத்தளம்பாறையில 2011லேயே ஜோஹோ அலுவலகம் வந்துடுச்சு. ஒரு மேஜை, அதுல ஒரு கம்ப்யூட்டர், அதை நம்ம இஷ்டத்துக்கு வேலை வாங்கலாம். இது நமக்கு ரொம்பச் சாதாரணம்.

ஆனா 1960கள்ல கம்ப்யூட்டர்னா ஏசி போட்ட ஒரு பெரிய அறை. உங்க கணக்கை அட்டையில துளை போட்டு, அங்க இருக்கற ஆபரேட்டர்கிட்ட கொடுக்கணும். விடை எப்ப வருதோ அப்பத்தான். மெஷின் நிறுவனத்தோடது, உங்களோடது இல்லை. அந்த அறையில இருந்து மேஜைக்கு கம்ப்யூட்டர் எப்படி வந்துச்சு? அதுக்கு நடுவுல நாம அடிக்கடி மறந்துடற ஒரு மெஷின் இருக்கு: புரோகிராம் பண்ணக்கூடிய மேஜைக் கால்குலேட்டர்.

முதல்ல வித்தியாசத்தைப் பார்ப்போம். நூறு பேருக்கு வட்டிக் கணக்கு போடணும்னு வைங்க. சாதாரணக் கால்குலேட்டர்ல நூறு தடவையும் பெருக்கு, வகு, கூட்டுன்னு எல்லாப் பட்டனையும் நீங்களே தட்டணும். புரோகிராம் பண்ணக்கூடிய மெஷின்ல அந்த வரிசையை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தா போதும். அப்புறம் அசல், வட்டி விகிதம், காலம் மட்டும் கொடுத்தா விடை வந்துடும். ‘இந்தத் தொகை இதைத் தாண்டினா அந்த வழியில போ’ன்னு முடிவெடுக்கவும் சொல்லலாம். யோசிச்சுப் பாருங்க, இது கம்ப்யூட்டர் செய்யற வேலைதானே?

இத்தாலியில ஒலிவெட்டின்னு ஒரு டைப்ரைட்டர் கம்பெனி. 1964ல பணநெருக்கடியில தன்னோட எலக்ட்ரானிக்ஸ் பிரிவை அமெரிக்காவோட ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு வித்துட்டாங்க. பியர் ஜோர்ஜோ பெரோட்டோன்னு ஒரு இன்ஜினியரும் அவரோட சின்ன டீமும் மட்டும் ஒரு மேஜை மெஷினைச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அது கம்ப்யூட்டர் இல்லை, வெறும் கால்குலேட்டர்னு வகைப்படுத்தினதாலதான் அது ஒலிவெட்டி கையிலேயே தங்குச்சு. பேர்தான் அதைக் காப்பாத்துச்சு.

1965ல நியூயார்க் கண்காட்சியில புரோகிராமா 101ங்கற பேர்ல அது வெளிவந்துச்சு. விலை 3,200 டாலர். மெமரி சுமார் 240 பைட். இன்னிக்கு யூனிகோட்ல எண்பது தமிழ்க் குறி டைப் பண்ணினா அது தீர்ந்துடும். அந்த மெமரியும் சிப் இல்லை, சுருட்டி வச்ச ஒரு கம்பி. ஒரு முனையில அனுப்பற அதிர்வு மறுமுனைக்கு வந்ததும் அதைப் படிச்சு, திரும்பவும் முதல் முனைக்கே அனுப்பிக்கிட்டே இருக்கும். புரோகிராமை ஒரு காந்த அட்டையில பதிஞ்சு, கையோட எடுத்துக்கிட்டுப் போகலாம். 40,000க்கு மேல வித்துச்சு. அப்பல்லோ 11 திட்டக் கணக்குகளுக்கு நாசாவும் இதைப் பயன்படுத்துச்சு.

1968ல எச்.பி. கம்பெனி 9100ஏ கொண்டு வந்தாங்க. சைன், காஸ் எல்லாம் போடும். ஐபிஎம் மெஷின் மாதிரி இல்லாத ஒண்ணை கம்ப்யூட்டர்னு சொன்னா வாங்கறவங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு அவங்களும் கால்குலேட்டர்னுதான் கூப்பிட்டாங்க. இதுல இருந்த சில நுட்பங்களுக்காக ஒலிவெட்டிக்கு சுமார் 9 லட்சம் டாலர் கொடுக்கவும் வேண்டி வந்துச்சு.

அடுத்தது ஜப்பான். பிஸிகாம்ங்கற கம்பெனி, தன்னோட மேஜைக் கால்குலேட்டர்களுக்காக இன்டெல்கிட்ட சிப் ஆர்டர் கொடுத்துச்சு. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி சிப் செய்யறதை விட, எந்த வேலைக்கும் புரோகிராம் பண்ணக்கூடிய ஒரே சிப் போதும்னு இன்டெல்ல யோசிச்சாங்க. அப்படி வந்ததுதான் 1971ல வெளிவந்த 4004, விலைக்கு வந்த முதல் மைக்ரோபிராசஸர்கள்ல ஒண்ணு. உங்க லேப்டாப்ல இருக்கற பிராசஸரோட மூதாதை ஒரு கால்குலேட்டருக்காகப் பிறந்தது.

இதே வழியில இந்தியாவுலயும் ஒரு கதை நடந்துச்சு. அதுல நம்ம தெக்கத்திக்காரர் ஒருத்தர் இருக்கார். திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில பிறந்து, கோவை பி.எஸ்.ஜி.ல படிச்ச சிவ நாடார். டெல்லியில டிசிஎம் கம்பெனியோட கால்குலேட்டர் பிரிவுல வேலை பார்த்தவர், நண்பர்களோட வெளியே வந்து 1975ல மைக்ரோகாம்ப் ஆரம்பிச்சார். கம்ப்யூட்டர் செய்யணும்னு ஆசை, கையில காசு இல்லை. அதனால முதல்ல கால்குலேட்டர் வித்தாங்க. 1976ல உத்தரப் பிரதேச அரசோட கூட்டுல எச்.சி.எல். பிறந்துச்சு. 1978ல 8சிங்கற மைக்ரோகம்ப்யூட்டர் வந்துச்சு. ஐபிஎம் இந்தியாவை விட்டுக் கிளம்பினதும் அதே வருஷம்தான்.

கம்ப்யூட்டர் வரலாறுன்னா எனியாக், ஐபிஎம், ஆப்பிள்னு தாவிடறோம். அந்தத் தாவல்ல கால்குலேட்டர் காணாமப் போயிடுது. ஆனா கணக்கு போடறவர் கையிலேயே மெஷினைக் கொடுக்கலாம்னு காட்டினதுல இதுக்கும் பங்கு உண்டு. 1979ல ஆப்பிள் கம்ப்யூட்டரை ஆபீஸ்களுக்குள்ள கொண்டு போன சாப்ட்வேர் பேர் விசிகால்க். ‘கண்ணால பார்க்கற கால்குலேட்டர்’னு அர்த்தம். இன்னிக்கு நாம திறக்கற ஒவ்வொரு ஸ்பிரெட்ஷீட்டும் அதோட வாரிசு.

உங்க வீட்டுல பேங்க், எல்ஐசி, பொதுப்பணித்துறைன்னு வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா, அத்தை இருந்தா, அவங்க மேஜையில என்ன மெஷின் இருந்துச்சுன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.